"கர்த்தராலே ஒரு வார்த்தை உண்டா?" சிதேக்கியா ராஜா ஏன் ஒரு கைதியிடம் கேட்க வேண்டியிருந்தது?

பனையடிநிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் நான்கு குடும்பங்கள் கூடி வேதம் வாசிக்கிறோம். சென்ற வாரம் எரேமியா 37, 38 அதிகாரங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. பார்வோனின் சேனை வருகிறது என்ற செய்தி கேட்டு அந்தப் படை சற்று விலகுகிறது. அந்த இடைவெளியில் தீர்க்கதரிசியான எரேமியா பென்யமீன் நாட்டுக்குப் புறப்படுகிறார். நகர வாசலிலேயே அவரை மறித்து, "நீ கல்தேயரிடம் (பாபிலோனியரிடம்) ஓடிப்போகிறாய்" என்று பிடித்து, அடித்து, யோனத்தான் என்பவனின் வீட்டு நிலவறையில் போட்டுவிடுகிறார்கள். அங்கே அவர் பல நாட்கள் கிடக்கிறார். பிறகு யூதாவின் கடைசி ராஜாவான சிதேக்கியா ஆள் அனுப்பி, அவரை அரண்மனைக்கு வரவழைத்து, யாருக்கும் தெரியாமல் கேட்கிறான்: கர்த்தராலே ஒரு வார்த்தை உண்டா?

எரேமியா "உண்டு" என்கிறார். பாபிலோன் ராஜாவின் கையில் நீர் ஒப்புக்கொடுக்கப்படுவீர் என்று அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுகிறார்.

வாசித்து முடித்ததும், பத்தாம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, அதைக் கர்த்தர் அந்த ராஜாவிடமே சொல்லியிருக்கலாமே? நடுவில் ஏன் இன்னொருவர்? அதுவும் ராஜாவே பூட்டி வைத்திருக்கும் ஒருவர்?"

ராஜா பாவம் செய்து தகுதியை இழந்துவிட்டான் என்று, வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன். "தாவீதும்தானே பாவம் செய்தார்?" என்றாள். அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. இந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படித்தவர்கள், யோசித்தவர்கள் எழுதுங்கள்.

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

சகோதரரே, ராஜாக்களிடம் கர்த்தர் நேராகப் பேசியதே இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டாம். கிபியோனில் சாலொமோனுக்குச் சொப்பனத்தில் தரிசனமாகி, "நீ விரும்புவதைக் கேள்" என்றார் (1 இராஜாக்கள் 3). ஆலயத்தைக் கட்டி முடித்த பிறகு இரண்டாம் முறையும் தரிசனமானார் (9-ஆம் அதிகாரம்). அதனால் என்ன ஆயிற்று? 11-ஆம் அதிகாரத்தில் சாலொமோன் அந்நிய தேவர்களுக்கு மேடை கட்டுகிறார். வேதம் அந்த இடத்தில், தனக்கு இரண்டு முறை தரிசனமான கர்த்தரை விட்டு அவன் இருதயம் விலகியது என்று, முறையை எண்ணியே எழுதி வைக்கிறது. நேராகச் சொன்னால் ராஜா கேட்டுவிடுவான் என்ற எண்ணத்துக்கு வேதமே அங்கே பதில் வைத்திருக்கிறது.

தாவீதின் காரியத்தையும் பாருங்கள். உரியாவின் மனைவியை அவர் அபகரித்த விஷயத்தில் கர்த்தர் தாவீதுக்குக் கனவில் தோன்றிக் கண்டித்திருந்தால், விடிந்ததும் தாவீது அதைத் தனக்குள்ளேயே புதைத்திருக்கலாம். கனவுக்குச் சாட்சி கிடையாது. கர்த்தர் அனுப்பிய தீர்க்கதரிசி நாத்தான் அப்படியா? ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்கிறார். தாவீது கோபப்பட்டுத் தன் வாயாலேயே தீர்ப்புக் கூறுகிறார். "நீயே அந்த மனுஷன்" என்ற சொல் அதன் பிறகுதான் வருகிறது. எதிரில் ஒருவர் நிற்கும்போது அந்தச் சொல்லைக் கேளாததுபோல் இருக்க முடியாது.

சவுல் ராஜாவின் கடைசி இரவும் நினைவுக்கு வருகிறது. சொப்பனத்தாலும் ஊரீமாலும் (ஆசாரியர் வழியே தேவசித்தம் அறியும் பொருள்) தீர்க்கதரிசிகளாலும் அவனுக்குப் பதில் வரவில்லை (1 சாமுவேல் 28:6). மூன்று வழிகளையும் ஒரே வசனம் வரிசையாகச் சொல்கிறது. கர்த்தர் பேச ஒரே வழிதான் இருந்தது என்று யாரும் அன்று நினைக்கவில்லை.

---

கார்த்திகைப்பூ எழுதியது:

நான் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் திருவிவிலியத்தில் சிதேக்கியா "செதேக்கியா" ஆகிறார்; தீர்க்கதரிசி "இறைவாக்கினர்" ஆகிறார். இந்த இரண்டாவது வேறுபாடு இங்கே முக்கியமானது என்று நினைக்கிறேன்.

தீர்க்கதரிசி என்றால் தொலைவில் இருப்பதைக் காண்பவர். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வருங்காலம் சொல்பவர் என்றே நம் மனம் ஓடிவிடுகிறது. எபிரேயத்தில் உள்ள "நபி" என்ற சொல்லின் எடை கண்ணில் இல்லை, வாயில் இருக்கிறது. யாத்திராகமம் 7-இன் தொடக்கத்தில் ஆண்டவர் மோசேயிடம், உன் சகோதரன் ஆரோன் உனக்கு நபியாக இருப்பான் என்கிறார். ஆரோன் அங்கே எதையும் முன்னறிந்து சொல்லவில்லை. திக்குவாயரான மோசே சொல்வதைப் பார்வோனிடம் எடுத்துச் சொல்லும் வாய் அவர். அரசன் முன் நிற்கும் "நபி" என்ற உருவமே அந்த இடத்தில்தான் தெளிவாகிறது. காண்பவருக்கு எபிரேயத்தில் "ரோஏ" என்று தனிச் சொல் இருக்கிறது. இன்று நபி எனப்படுபவர் முன்பு அப்படித்தான் அழைக்கப்பட்டார் என்று 1 சாமுவேல் 9:9 சொல்கிறது. உங்கள் பழைய மொழிபெயர்ப்பு அதை "ஞானதிருஷ்டிக்காரன்" என்கிறது. அழகான சொல்.

சிதேக்கியாவின் கேள்வியையும் இதை வைத்தே படிக்கிறேன். "என்ன நடக்கப்போகிறது?" என்று அவர் கேட்கவில்லை. "வார்த்தை உண்டா?" என்கிறார். எபிரேயத்தில் "யேஷ்" என்றால் உண்டு. கேள்வியிலும் அதே சொல், பதிலிலும் அதே சொல். தமிழில் "உண்டா", "உண்டு" என்று அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. இந்த அளவுக்குப் பொருந்தும் மொழி அதிகம் இருக்காது.

---

கல்வெட்டுநேசன் எழுதியது:

எபிரேயருக்கு மட்டும் உரிய வழக்கம் இது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலிருந்த மாரி என்ற நகரத்தை 1933 முதல் ஆந்த்ரே பாரோ என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் அகழ்ந்தார். அரண்மனைக்குள் 20,000-க்கு மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஏறக்குறைய 50 கடிதங்கள், தெய்வம் ஒருவர் வாயால் அரசனுக்குச் சொன்ன செய்திகளைத் தாங்கியவை. அரசன் பெயர் சிம்ரிலிம். காலம் கி.மு. 18-ஆம் நூற்றாண்டு, எரேமியாவுக்குச் சுமார் 1,100 ஆண்டுகள் முன்பு.

அங்கே எப்படி நடந்தது என்று பாருங்கள். கோவிலில் ஒருவர் ஆவேசம் வந்து பேசுவார். அதை ஆளுநரோ, அரசி ஷிப்துவோ கடிதமாக எழுதி அரசனுக்கு அனுப்புவார்கள். பல கடிதங்களோடு பேசியவரின் ஒரு கொத்து முடியும் ஆடையின் ஓரத் துணியும் சேர்ந்து போயின. அவற்றை வைத்து நிமித்தம் பார்த்து, சொன்னது மெய்யா என்று அரண்மனை சோதித்துக்கொள்ளும். பேசியவர் பெரும்பாலும் அரசன் முகத்தைக் காண்பதே இல்லை.

இங்கே நான் நேர்மையாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அலெப்போவின் அத்து தெய்வம் சிம்ரிலிமுக்கு அனுப்பிய செய்தி ஒன்று, அநியாயம் செய்யப்பட்டவன் உன்னை நோக்கிக் கூப்பிட்டால் எழுந்து நின்று அவன் வழக்கைக் கேள் என்கிறது. நியாயம் கேட்ட தெய்வக் குரல் இஸ்ரவேலில் மட்டுமே ஒலித்தது என்று பிரசங்கங்களில் சொல்வது சரியில்லை.

வேறுபாடு வேறொரு இடத்தில் இருக்கிறது. மாரியில் அந்தச் சொற்களைக் காத்தது அரண்மனை ஆவணக்கூடம். அரசனுக்கு வந்த அஞ்சல், அரசனின் அலமாரி. எருசலேமில், சிதேக்கியாவுக்கு முன் ஆண்ட யோயாக்கீம் ராஜா எரேமியாவின் சுருளைக் கையில் எடுத்து எரித்தான். சுருள் மறுபடியும் எழுதப்பட்டது. அரண்மனை வேண்டாம் என்ற சொல்லை அரண்மனைக்கு வெளியே இருந்தவர்கள் காத்தார்கள். நமக்குக் கிடைத்திருப்பது அந்தச் சுருள்.

---

பனையடிநிழல் எழுதியது:

மிக்க நன்றி. முடிக் கொத்தும் துணி ஓரமும் என்று அக்கா மகளிடம் சொன்னேன். "எரேமியாவின் முடியை யாரும் கேட்கவில்லை, ஆளையே பிடித்துக்கொண்டார்கள்" என்றாள்.

எனக்கு இன்னும் ஒரு முள் இருக்கிறது. நாத்தான் வந்து நின்றார், தாவீது கேட்டார். எரேமியாவும் சிதேக்கியாவின் முன்தான் நின்றார். அங்கே ஏன் பலிக்கவில்லை?

---

வரலாற்றுமாணவன் எழுதியது:

நண்பர்களே, நான் கிறிஸ்தவன் இல்லை. இந்த நூல்களை ஆர்வத்தோடு படிப்பவன். ஒரு கேள்வியை மரியாதையோடு வைக்கிறேன். எருசலேம் விழாது என்று சொன்ன தீர்க்கதரிசிகளும் அன்று இருந்தார்கள். நகரம் விழுந்தது, அதனால் விழும் என்று சொன்னவரின் நூல் நிலைத்தது. அழிவுக்குப் பின் அமர்ந்து தொகுத்தவர்களுக்கு யார் உண்மையானவர் என்பது முன்பே தெரியும். அப்படியானால் சிதேக்கியாவின் தனியறைப் பேச்சு எந்த அளவுக்கு நடந்த ஒன்று, எந்த அளவுக்குப் பின்னால் எழுதிய ஒன்று?

---

கல்வெட்டுநேசன் எழுதியது:

நண்பரே, நியாயமான கேள்வி. தொகுத்தது பின்னால்தான் என்பதை நானும் மறுக்கவில்லை. தனியறையில் பேசியதற்கு வெளிச்சான்று எதுவும் இல்லை. ஆனால் அந்த அறையைச் சுற்றியிருந்த நகரத்துக்கு இருக்கிறது.

1935-இல் யூதாவின் லாகீஸ் கோட்டை வாசலில், சாம்பலுக்கு நடுவே, மையால் எழுதிய பானையோடுகளை ஸ்டார்க்கி என்பவரின் குழு கண்டெடுத்தது. முற்றுகைக் காலத்தையொட்டிப் படைத்தலைவனுக்கு ஒரு கீழதிகாரி எழுதிய கடிதங்கள் அவை. மூன்றாம் கடிதத்தில் "நபி" ஒருவரிடமிருந்து வந்த ஓலை பேசப்படுகிறது; அதில் இருந்த சொல் "கவனமாயிரு". யார் அந்த நபி என்று பெயர் இல்லை. எரேமியாதான் என்று துள்ள வேண்டாம். நான்காம் கடிதத்தில், லாகீசின் தீக்குறிகளை எதிர்நோக்கியிருக்கிறோம், அசெக்கா தெரியவில்லை என்று வருகிறது. எரேமியா 34:7-இல் கடைசியாக எஞ்சியிருந்த கோட்டைகள் என்று சொல்லப்படுபவை இதே இரண்டு ஊர்கள்தான்.

ஆறாம் கடிதம் எனக்கு மிக முக்கியம். யாரோ எழுதிய சொற்கள் நல்லவை அல்ல, கைகளைத் தளரச் செய்கின்றன என்று அந்த அதிகாரி வருந்துகிறான். எரேமியா 38:4-இல் பிரபுக்கள் ராஜாவிடம் வைக்கும் குற்றச்சாட்டும் அதுதான்: இந்த மனுஷன் யுத்த வீரரின் கைகளைத் தளரச்செய்கிறான், இவனைக் கொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் அந்த நாட்டில் உண்மையாகவே வாயில் புழங்கிய குற்றச்சாட்டு அது.

இன்னொன்று. அப்படிக் குற்றம்சாட்டிய பிரபுக்கள் நால்வரின் பெயர்களை 38:1 தருகிறது. அவர்களில் செலேமியாவின் மகன் யூகாலின் முத்திரை பதிந்த களிமண் துண்டு, எருசலேமின் தாவீதின் நகர அகழாய்வில் 2005-இல் கிடைத்தது. பஸ்கூரின் மகன் கெதலியாவின் முத்திரை 2008-இல், சில மீட்டர் தள்ளி. இரண்டையும் கண்டெடுத்தவர் எய்லாட் மாசார். விரல் நகம் அளவுதான் இருக்கும். இதே யூகாலைத்தான் 37:3-இல் ராஜா எரேமியாவிடம் அனுப்பி, எங்களுக்காக விண்ணப்பம் பண்ணும் என்று கேட்டான். அன்று ஜெபம் கேட்டு வந்தவன், அடுத்த அதிகாரத்தில் கொலை கேட்கிறான்.

கர்த்தர் பேசினார் என்பதை இந்த மண் துண்டுகள் நிரூபிக்காது. பேசியதாகச் சொன்ன ஒருவரைக் கொல்லத் துடித்தவர்கள் இருந்தார்கள் என்பதைக் காட்டும்.

---

மழைக்கால_வாசகி எழுதியது:

வெகு நாட்களாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவள். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தந்தைக்குச் சர்க்கரை நோய். ஊருக்கு வந்த ஒரு பிரசங்கியார், கூட்டத்தின் நடுவில் அவரை எழுப்பி நிறுத்தி, "கர்த்தர் உங்களைச் சுகமாக்கிவிட்டார், இனி ஊசி வேண்டாம் என்று சொல்கிறார்" என்றார். அப்பா நம்பினார். மூன்றாவது வாரம் மருத்துவமனையில் சேர்த்தோம். வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து "கர்த்தர் சொல்கிறார்" என்று யாராவது தொடங்கினால் என் உடல் நடுங்குகிறது. ஆகவே சிதேக்கியாவைக் கோழை என்று எளிதாகத் தள்ள என்னால் முடியவில்லை. எத்தனை பேர் வந்து "கர்த்தர் சொல்கிறார்" என்றிருப்பார்கள் அவனிடம்?

எரேமியா 28-ஐ அப்போது திரும்பத் திரும்ப வாசித்தேன். அனனியா, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் அறிவிக்கிறான். எரேமியா உடனே அதை மறுக்கவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். சமாதானம் சொல்கிறவன் சொன்னது நிறைவேறும்போதுதான் அவனை அனுப்பியது கர்த்தர் என்று தெரியும் என்று மட்டும் சொல்கிறார். அனனியா அவர் கழுத்திலிருந்த மரநுகத்தை எடுத்து உடைக்கிறான். எரேமியா தன் வழியே போய்விடுகிறார். பதிலே பேசவில்லை! வார்த்தை பிறகுதான் வருகிறது.

42-ஆம் அதிகாரத்தில் மிஞ்சிய ஜனங்கள் வந்து கேட்கும்போதும் பத்து நாள் கழித்தே அவருக்கு வார்த்தை வருகிறது. உயிருக்குப் பயந்து நிற்கிற கூட்டத்தைப் பத்து நாள் காக்க வைத்தார், தன்னிடம் இல்லாததைச் சொல்லாமல். என் தந்தையிடம் பேசியவருக்குப் பத்து நொடிகூடத் தேவைப்படவில்லை.

---

கார்த்திகைப்பூ எழுதியது:

சகோதரி, உங்கள் தந்தை இப்போது நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். நீங்கள் சொன்ன அந்தப் பத்து நாளை நான் இதுவரை கவனித்ததில்லை.

நாத்தானும் ஒருமுறை அவசரப்பட்டவர்தான். ஆலயம் கட்டட்டுமா என்று தாவீது கேட்டபோது, உம் மனதில் உள்ளதைச் செய்யும், ஆண்டவர் உம்மோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அன்று இரவே, அது அல்ல என்று அவருக்கு வாக்கு வந்தது (2 சாமுவேல் 7). மறுநாள் போய்த் தன் சொல்லைத் தானே திருத்தினார். அரசன் முன்னால் "நான் நேற்றுச் சொன்னது என் சொந்தக் கருத்து" என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

சகோதரியின் கதையைப் படித்துச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அவர் கேட்டது சரி. குரல்களுக்கு நடுவே ராஜா எப்படி அறிவான்? இதற்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. ஒரு தகப்பனையும் மகனையும் மட்டும் காட்டுகிறேன்.

யூதா ராஜா யோசியாவின் 18-ஆம் ஆண்டில் ஆலயத்தில் நியாயப்பிரமாண நூல் கிடைக்கிறது. சம்பிரதியாகிய (அரச எழுத்தராகிய) சாப்பான் ராஜாவுக்கு முன்பாக அதை வாசிக்கிறார். யோசியா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறான். விசாரிக்க ஆட்களை அனுப்புகிறான். அவர்கள் போவது உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம். அவள் சொன்னது இனிப்பான செய்தி இல்லை.

யோசியாவின் மகன் யோயாக்கீம். அவனுடைய 5-ஆம் ஆண்டு, ஒன்பதாம் மாதம். குளிர்கால அரண்மனை, எதிரே கணப்பு. எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக் எழுதிய சுருளை யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் தீரும்வரை இப்படியே. வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் ஒருவர் கெமரியா. யோசியாவுக்கு நூலை வாசித்த அதே சாப்பானின் மகன். அந்த வீட்டில் இரண்டு தலைமுறையாக வார்த்தையை ராஜாவின் கையில் கொடுத்துவிட்டு என்ன நடக்குமோ என்று நின்றிருக்கிறார்கள்.

எபிரேயத்தில் யோசியா வஸ்திரத்தைக் கிழித்ததற்கும் யோயாக்கீம் சுருளை அறுத்ததற்கும் ஒரே வினைச்சொல்: "காரா". அடுத்த வசனம் அதைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்ளவில்லை என்கிறது. பாபிலோனிய நாளாகமத்தின்படி அதே ஒன்பதாம் மாதத்தில், கி.மு. 604-இல், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அஸ்கலோன் நகரத்தைப் பிடித்து அழித்தான். கடற்கரைச் சமவெளியிலிருந்து செய்தி எருசலேமுக்கு வர எத்தனை நாளாகும்? வெளியே ஜனம் உபவாசமிருக்கிறது, உள்ளே ராஜா குளிர்காய்கிறான்.

பனையடிநிழல் கேட்ட முள்ளுக்கு இது என் பதில். தாவீது, யோசியா, யோயாக்கீம், சிதேக்கியா நால்வருக்கும் வார்த்தை ஒரே விதமாக, ராஜா நினைத்தால் கொன்றுவிடக்கூடிய ஒரு மனிதனின் கையில் வந்தது. கீரியாத்யாரீம் ஊரானாகிய உரியா என்ற தீர்க்கதரிசியை யோயாக்கீம் எகிப்துவரை ஆள் அனுப்பிப் பிடித்து வந்து வெட்டியே போட்டான் (எரேமியா 26). தம் வார்த்தையை ராஜா மறுக்கக்கூடிய இடத்தில் கர்த்தர் வைக்கிறார். பலவந்தம் பண்ணவில்லை. இடியாக இறங்கியிருந்தால் சிதேக்கியா பணிந்திருப்பான். ஆனால் அந்தப் பணிவு இடிக்குப் பணிந்ததாகத்தான் இருந்திருக்கும்.

---

வரலாற்றுமாணவன் எழுதியது:

இந்த விளக்கத்தை என் நம்பிக்கையாக ஏற்க என்னால் இயலாது. ஆனால் கதை இப்படித்தான் தன்னைப் புரிந்துகொள்ளச் சொல்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். 38-இன் முடிவில் ராஜா, நாம் பேசியதைப் பிரபுக்களிடம் சொல்லாதே, யோனத்தானின் வீட்டுக்குத் திரும்ப அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சியதாக மட்டும் சொல் என்கிறான். எரேமியாவும் அப்படியே சொல்கிறார். உண்மையைச் சொன்னதற்காகப் பிரபுக்கள் சேற்றுக் குழியில் இறக்கிய அதே எரேமியா அங்கே ஏன் மறைத்தார்?

---

கார்த்திகைப்பூ எழுதியது:

அவர் சொன்னது பொய்யும் அல்ல. 37:20-இல் அந்த விண்ணப்பத்தை உண்மையாகவே செய்திருக்கிறார். பிரபுக்களுக்கென்று அவரிடம் வந்த வாக்கை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. தெருவிலேயே சொன்னார், அதற்காகத்தான் குழியில் போட்டார்கள். அன்று மறைத்தது அரசரின் பயத்தை. என்னைப் பொறுத்தவரை அது இரக்கம்.

---

பனையடிநிழல் எழுதியது:

நேற்றுச் சனிக்கிழமை. இந்த இழையை அச்செடுத்து வைத்துக்கொண்டு 38-ஐ மறுபடியும் வாசித்தோம்.

இந்த முறை என் கண் 19-ஆம் வசனத்தில் நின்றது. சரணடைந்தால் உயிர் பிழைப்பீர், நகரமும் எரியாது என்று எரேமியா சொல்கிறார். சிதேக்கியா அதை நம்பாமல் இல்லை. அவனுடைய பதில்: கல்தேயரிடம் ஏற்கெனவே போய்விட்ட யூதர் கையில் என்னை விட்டுவிடுவார்களோ, அவர்கள் என்னைப் பரியாசம்பண்ணுவார்களோ என்று பயப்படுகிறேன். நகரம் பசியால் செத்துக்கொண்டிருக்கும்போது, தன் சொந்த ஜனத்தின் கேலிக்குப் பயந்தான். எரேமியா "கேளும்" என்று கெஞ்சுகிறார். கைதி ராஜாவின் உயிருக்காகக் கெஞ்சுகிறார். அதை உரக்க வாசிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது.

பிறகு ரிப்லா, பிடிபட்ட சிதேக்கியாவுக்குப் பாபிலோன் ராஜா தீர்ப்புச் சொன்ன ஊர். பிள்ளைகளைக் கண்முன் வெட்டி, அந்தக் கண்களையும் குருடாக்கினார்கள். அதை நாங்கள் மெதுவாக வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

அக்கா மகள்தான் 39-இன் கடைசி நான்கு வசனங்களைக் காட்டினாள். நான் இதுவரை அவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். எரேமியாவைக் குழியிலிருந்து கந்தைத் துணியைக் கக்கத்தில் கொடுத்துத் தூக்கிவிட்டானே, எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன், அவனுக்குக் கர்த்தர் பெயர் சொல்லி ஒரு வார்த்தை அனுப்புகிறார்: நீ பயப்படுகிற மனுஷரின் கையில் ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை, உன் பிராணன் தப்பும். அதுவும் நேராக வரவில்லை, காவல் முற்றத்திலிருந்த அதே கைதியின் வாயால்தான் வந்தது.

"அவருக்கும் பயம் இருந்திருக்கிறது, மாமா" என்றாள்.

---

மழைக்கால_வாசகி எழுதியது:

அப்பா நலமாக இருக்கிறார், கார்த்திகைப்பூ சகோதரி. விசாரித்ததற்கு நன்றி. இன்று காலை ஊசி போட்டுவிட்டு இந்த நான்கு வசனங்களையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். எபெத்மெலேக் என்றால் என்ன பொருள் என்று கேட்கிறார். யாராவது சொல்லுங்கள்.

---

கல்வெட்டுநேசன் எழுதியது:

"ராஜாவின் ஊழியன்" என்று பொருள். அப்பாவுக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.